ஆறாம் மாடிப் பைப்பில் தொங்கிய செபமாலை

பாரிஸின் லா சப்பலில் 1985ஆம் ஆண்டு மாசி மாதம் முழுக்க ஒரு கதை நடமாடியது. ரூ காய் தெருவிலுள்ள பழைய கட்டடம் ஒன்றின் ஆறாம் மாடியில், ஐஸ் கட்டி ஐந்து நாள் செத்துக் கிடந்த தண்ணீர்ப் பைப்பில் மன்னார் ஆள் ஒருவர் செபமாலையைச் சுற்றிவிட்டு முழங்காலில் நின்றாராம். மூன்றாவது 'அருள் நிறைந்த மரியே' முடியும் முன்னே பைப் பிளந்து தண்ணீர் முகட்டுக்குப் பீறிட்டதாம். பலசரக்குக் கடையில் வெங்காயம் நிறுக்கிறவரிலிருந்து மெத்ரோ வாசலில் நின்று வேலை விசாரிக்கிறவர் வரை இதைச் சொன்னார்கள். புறநகர் பியர்ஃபித்துக்குப் போய்ச் சேர்வதற்குள் செபமாலை அந்தோனியார் எண்ணெயாக மாறியிருந்தது. பொபினியில் அதே மனிதர் சைவக்காரராகி, பைப்பில் திருநீறு பூசியிருந்தார்.

அப்படியே நம்பிவிட்டுப் போயிருக்கலாம். நம்புவதற்குச் செலவில்லை. விசாரிக்கப் போனால்தான் கரைச்சல். பைப் உண்மை. ஐஸ் உண்மை. செபமாலை பைப்பில் தொங்கியதும் உண்மை. கண்ணால் கண்டவர்களில் ஒருவர் ஐந்தாம் மாடியில் பூனை வளர்க்கும் பிரெஞ்சுக் கிழவி. மாதாவுக்காகப் பொய் சொல்லவேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆனால் அந்தப் பைப்பில் உண்மையில் ஐஸ் கட்ட வைத்தது யார் என்ற விபரம் மட்டும் எந்த ஊர்க் கதையிலும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டபோது கேட்டவருக்குத் தலை சுற்றியது. செய்தவருக்கோ, அந்தத் தலைச்சுற்று இன்னும் நிற்கவில்லை.

அற்புதம் செய்தவர் என்று பெயர் எடுத்த அந்த மனிதர் லாசர். ஊர் மன்னார் பேசாலை. வயது நாற்பத்திரண்டு. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரஸ்ஸறி என்கிற சாப்பாட்டுக் கடை ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை. காலை ஐந்தரைக்குக் கையை நனைத்தால் பிற்பகல் இரண்டரைக்குத்தான் துடைப்பார்.

லாசரிடம் குடி இல்லை, சீட்டு இல்லை, கோபம்கூட இல்லை. ஒரே ஒரு வருத்தம் இருந்தது. தண்ணீர் சும்மா ஓடுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் பிறந்த இடத்தில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீரை ஒரு மைலுக்கு அப்பாலிருந்து சுமந்து வரவேண்டும். கிணற்றடியில் வாளியைத் தட்டி ஊற்றியவனுக்கும் கோயில் உண்டியலை உடைத்தவனுக்கும் ஒரே மரியாதைதான். அந்தப் பழக்கம் பாரிஸுக்கும் விமானம் ஏறி வந்திருந்தது. மற்றவர்கள் பைப்பைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவும்போது லாசர் இரண்டு தொட்டியில் தண்ணீர் பிடித்து, ஒன்றில் உரஞ்சி மற்றதில் அலசுவார். முதலாளி தண்ணீர்ப் பில்லைப் பார்த்துவிட்டு வந்து அவருடைய கையைக் குலுக்கினார். தெருவில் போகும்போது ஏதாவது கோப்பிக் கடைக் கழிப்பறையில் பைப் சொட்டுகிற சத்தம் கேட்டால், ஒன்றும் குடிக்காமலே உள்ளே போய்ப் பூட்டிவிட்டு வருவார்.

"லாசர் அண்ணையை மழைக்கை விடாதேங்கோ," என்பான் அறைத்தோழன் நீக்கிலாஸ். "வானத்துக்கு ஏறிப் பூட்டப் பாப்பார்."

நீக்கிலாஸ் குருநகர்ப் பையன். பையன் என்றாலும் இருபத்தெட்டு வயது. சிரிப்புக்காரன், மறதிக்காரன். அதே அறையில் பொன்னம்பலமும் இருந்தார். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இருபது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். பாரிஸில் அவர் ஒரு கிடங்கில் பெட்டி கட்டினார். ஆனால் அறைக்குள் கச்சேரி இன்னும் நடந்துகொண்டிருந்தது. இவர்களைத் தவிர இரண்டு பேர் வேலை மாறி மாறி வந்து தூங்கிவிட்டுப் போவார்கள். ஆக, ஒரு அறைக்கு ஐந்து பேர். தண்ணீருக்கு வெளியே படிக்கட்டு முகப்பில் ஒரு பைப், அதற்கடியில் ஒரு சிறிய தொட்டி. ஆறாம் மாடிக்கே அது ஒன்றுதான்.

அந்த அறையை விட்டு இறங்குவதற்கு லாசருக்கு ஒரு அவசரம் வந்திருந்தது. மனைவி மரியமலருக்கு விசா கிடைத்துவிட்டது. ஜனவரி பதினேழாம் திகதி, வியாழக்கிழமை, றுவாசி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறாள். நான்கு வருடத்துக்குப் பிறகு வருகிறவளை நான்கு ஆண்களுக்கு நடுவே எங்கே படுக்க வைப்பது? ஐந்தாம் மாடியில் ஒரு சின்ன அறை மார்கழியில் காலியானது. கட்டட நிர்வாகி பதினான்காம் திகதி திங்கட்கிழமை வந்து அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார். அவர் கேட்பது ஒரே ஆளின் சொல்லைத்தான்: கீழ் வாசலில் குடியிருந்து கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கொன்சியேர்ஜ், மதாம் பிந்தோ.

மதாம் பிந்தோ போர்த்துக்கல்காரி. அவருடைய அறையில் பாத்திமா மாதா, லாசருடைய சட்டைப் பையில் மன்னார் மடு மாதா. இருவருக்கும் பிரெஞ்சு இரவல் மொழி. அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கியது.

"மிசியே லாசர், நீங்கள் அமைதியான ஆள். பொருளை வீணாக்காத ஆள்," என்று அவர் சொல்லியிருந்தார். "நான் நிர்வாகியிடம் சொல்கிறேன்."

அந்தச் சொல்லை லாசர் மனைவிக்குக் கடிதத்தில் எழுதியும் விட்டார்.

பிறகு குளிர் வந்தது.

குளிர் என்று சொன்னால் போதாது. பாரிஸில் பிறந்து வளர்ந்த கிழவிகளே வாயில் கையை வைத்தார்கள். சனிக்கிழமை ஜன்னலுக்கு வெளியே வைத்த பால் போத்தல் பாதியில் வெடித்து, பால் மட்டும் போத்தல் வடிவத்தில் நின்றது. ஞாயிறு காலை பொன்னம்பலம் ஜன்னலோரம் தண்ணீர்க் கோப்பையில் போட்டிருந்த பல்செட்டை எடுக்கப் போனார். கோப்பை கையோடு வந்தது, பல்செட் வரவில்லை. ஐஸுக்குள்ளிருந்து அவருடைய பல் அவரைப் பார்த்துச் சிரித்தது.

"எழ்ழ இழு?" என்று அலறினார் அவர். என்ன இது என்று கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணை, பல்லு மியூசியத்துக்குப் போட்டுது," என்றான் நீக்கிலாஸ்.

அன்று மத்தியானம் மதாம் பிந்தோ படிக்கட்டுச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டினார். பல் இளகி வாய்க்குள் வந்து சேர்ந்த பிறகு பொன்னம்பலமே அதை வாசித்து விளக்கினார். ஆறாம் மாடிக்கு ஏறுகிற பைப், உடைந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போகிறது. தண்ணீர் நின்றால் ஐஸ் கட்டிவிடும். ஆகவே ஆறாம் மாடிப் பைப்பைப் பகலும் இரவும் நூல் மாதிரித் திறந்து விடவேண்டும். யாரும் பூட்டக் கூடாது.

லாசருக்கு இது நன்றாக விளங்கியது. ஓடுகிற தண்ணீர் உறையாது, நிற்கிற தண்ணீர் உறையும், அவ்வளவுதான். விளக்கம் போதாமல் அவர் செய்தார் என்று யாரும் பின்னால் சொல்ல முடியாது. விளங்கித்தான் செய்தார்.

ஞாயிறு பொறுத்தார். திங்கள் பொறுத்தார். கதவுக்கு வெளியே அந்த நூல் விழுந்துகொண்டே இருந்தது. சோறு தின்னும்போது கேட்டது. செபம் சொல்லும்போது கேட்டது. செவ்வாய் காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போக வெளியே வந்தார். மற்றவர்கள் குறட்டை. படிக்கட்டில் ஒரு மஞ்சள் பல்பு. தொட்டியில், ஒருவருக்கும் உதவாமல், ஒரு கோப்பையை நனைக்காமல், நல்ல தண்ணீர், குடிக்கிற தண்ணீர், போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாளாக ஒன்றும் நடக்கவில்லையே, இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் மற்றவர்கள் எழும்பித் திறப்பார்கள்தானே என்று நினைத்தார். கை தானாக நீண்டது. பூட்டினார். சொட்டுகிறதா என்று பார்த்து இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார்.

என்ன நிம்மதி! காலையிலேயே ஒரு நல்ல காரியம் செய்த மனதோடு நூற்றுப் பதினெட்டுப் படிகளையும் இறங்கி, மதாம் பிந்தோவின் கதவைத் தாண்டி, பனிக்குள் போனார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஐந்தாம் மாடிக் கிழவி பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த மாடி அல்ஜீரியக் குடும்பத்தின் தாய் இரண்டு வெறும் பானைகளோடு நின்றாள். உடைந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் மதாம் பிந்தோ பைப்பை ஒரு கரண்டியால் தட்டினார். 'டக்' என்று கல்லைத் தட்டின சத்தம். ஐந்தாம், ஆறாம் மாடிகள் இரண்டும் வறண்டுவிட்டன.

லாசர் அந்தப் படிக்கு மேலே ஏறவில்லை. தண்ணீர் கல்லாகுமென்று பொன்னம்பலம் வாசித்தபோது கேட்டவர்தான். ஆனால் தன்னுடைய ஒரு முறுக்கில் இரண்டு மாடி நின்றுபோகுமென்று அவருடைய உடம்புக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நல்ல காரியம், நல்ல காரியம் என்று காலையில் சொன்ன மனம் இப்போது வாயைத் திறக்கவில்லை.

"பைப் திருத்துகிற புளொம்பியேக்குப் போன் பண்ணினேன்," என்றார் மதாம் பிந்தோ, எல்லாருக்கும் கேட்க. "பாரிஸ் முழுக்கப் பைப் வெடிக்கிறது. பத்து நாளாகுமாம். யாரோ பூட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை நிர்வாகி வருகிறார். பூட்டினவர் யாரென்று தெரிந்தால், அவரும் அவருடைய தலையணையும் தெருவில்."

சொல்வதற்குத் திறந்த வாய், அந்தத் தலையணையைக் கேட்டதும் மூடிக்கொண்டது. மரியமலர் பெட்டியோடு றுவாசியில் நிற்பது கண்ணில் வந்தது.

அன்று பின்னேரமே பொன்னம்பலம் விசாரணையைத் தொடங்கினார். அவருக்கும் ஒரு அவசரம் இருந்தது. திங்கட்கிழமை தைப்பொங்கல். பானைக்குள் ஊற்றத் தண்ணீர் இல்லை. கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து இருந்தார். நம் நாட்டு விசாரணைக் கமிஷன்கள் வருடக்கணக்காக இருந்தும் ஒருவரையும் பிடிப்பதில்லை. இந்தக் கமிஷன் அரை மணித்தியாலத்தில் ஆளைப் பிடித்தது. பிழையான ஆளைப் பிடித்தது என்பது வேறு விஷயம்.

"நேற்றுக் கடைசியா அந்தப் பைப்பிலை கை வைச்சது ஆர்?"

"நான்தான் அண்ணை," என்றான் நீக்கிலாஸ். "அரிசி கழுவினனான்."

"கழுவிப்போட்டு?"

"நூல் மாதிரி விட்டிட்டு வந்தனான்."

"விட்டது ஞாபகமோ, இல்லாட்டி விட்டிருப்பன் எண்ட நினைப்போ?"

நீக்கிலாஸ் யோசித்தான். அதுதான் அவன் செய்த பிழை.

"போன கிழமை காஸ் அடுப்பை நிப்பாட்டாமல் வேலைக்குப் போனது ஆர்?"

"நான்."

"வதிவிடக் கார்ட்டுக்குப் படம் எடுத்துப்போட்டு, படத்தை மெஷினுக்குள்ளையே விட்டிட்டு வந்தது?"

"அதுவும் நான்தான்."

"பிறகென்ன?"

"அண்ணை, எனக்கு இப்ப என்னிலையே நம்பிக்கை இல்லாமல் கிடக்கு," என்றான் நீக்கிலாஸ். "நான்தான் பூட்டினனோ?"

"அண்ணை, வேறை ஆரும் தொட்டிருக்கலாம்தானே," என்றார் லாசர், சுவரைப் பார்த்து.

பொன்னம்பலம் திரும்பினார். "விடியப்புறம் எழும்பினது நீர் ஒருத்தர்தான், லாசர். நீர் வெளிக்கிடேக்கை பைப் ஓடினதோ, நிண்டதோ?"

ஓடியது என்று ஒரு சொல் சொன்னால் நீக்கிலாஸ் தப்பிவிடுவான். அடுத்த கேள்வி தன் கழுத்துக்கு வரும்.

"கவனிக்கேல்லை அண்ணை," என்றார் லாசர்.

தண்ணீர் ஓடுவதைக் கவனிக்காத லாசர்! மழையைப் பூட்டப் போகிறவர்! அந்த அறையில் இருந்த ஒருவராவது இதைக் கேட்டுத் துள்ளி எழும்பியிருக்க வேண்டும். ஒருவரும் எழும்பவில்லை. நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவருக்கு ஊர் கொடுக்கிற வசதி அது.

தீர்ப்பு உடனே வந்தது. கீழ் மாடிகளில் தண்ணீர் ஓடினாலும், தன் அறைப் பைப்பில் பிடிக்க விட்டவர் மதாம் பிந்தோ மட்டும்தான். புளொம்பியே வரும்வரைக்கும் அங்கிருந்து ஆறாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக் கிழவிக்கும் தண்ணீர் தூக்குவது நீக்கிலாஸ். கட்டடத்துக்கு வெளியே கதை போகக்கூடாது, மதாமுக்குப் பெயர் சொல்லக்கூடாது என்பது கமிஷன் காட்டிய இரக்கம்.

நீக்கிலாஸ் தூக்கினான். கைக்கு ஒன்றாக இரண்டு வாளி. நாலாம் மாடியில் ஒருமுறை வைத்து மூச்சு வாங்குவான். சிந்தின தண்ணீர் படியில் ஐஸாகி, புதன்கிழமை அவனே அதில் வழுக்கி முழங்கையை உடைத்துக்கொள்ளப் பார்த்தான். லாசர் வேலையால் வந்த கையோடு ஒரு வாளியைப் பிடுங்கினார்.

"விடுங்கோ அண்ணை. உங்கடை கை தண்ணிக்கை கிடந்து வெடிச்சுப்போய்க் கிடக்கு," என்றான் அவன். "பிழை விட்டவன் நான். நானே தூக்குறன்."

"நீ விட்டியோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் அண்ணை. இப்ப வடிவா ஞாபகம் வருது. நான்தான் பூட்டினனான்."

லாசர் படியில் அப்படியே இருந்துவிட்டார். செய்யாத ஒன்று ஒருவனுக்கு வடிவாக ஞாபகம் வருகிறது! இதைவிட, பல்செட் ஐஸுக்குள் சிரித்தது ஒரு அதிசயமே அல்ல.

வெள்ளிக்கிழமை மரியமலர் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள், பிரஸ்ஸறி நம்பருக்கு. அறை சரியோ என்று கேட்டாள். ஓம் என்றார். உங்கடை குரல் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கு என்று கேட்டாள். குளிர் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பூசைக்குப் போகாமல் லாசர் மதாம் பிந்தோவின் கதவைத் தட்டி, தலை காயவைக்கிற மெஷினைக் கேட்டார். மதாம் ஒரு கணம் அவரைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கொடுத்தார்.

அறையிலிருந்து வயர் இழுத்து, உடைந்த ஜன்னலை அட்டையால் அடைத்து, மேல் பைப்பை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு சாணாகச் சூடு பிடித்தார். கோப்பை கழுவுகிறவருக்குச் சூட்டின் குணம் தெரியும். ஒரே இடத்தில் கொதிக்கவிட்டால் கண்ணாடி பிளக்கும், பைப்பும் பிளக்கும். ஆறப்போட்டு, ஆறப்போட்டு. பைப் ஜன்னலடியில் தரையோடு வளைந்தது. அங்கே எட்டுவதற்கு முழங்காலில் நிற்கவேண்டியிருந்தது. மெஷினின் சூட்டில் கழுத்தில் கிடந்த செபமாலையின் வெள்ளிக் குருசு கொதித்து நெஞ்சைச் சுட்டது. கழற்றினார், வைக்க இடமில்லை, பைப்பில் கொழுவினார். உலகம் முழங்கால் என்றும் செபமாலை என்றும் சொல்கிறதே, இரண்டும் வந்த வழி இதுதான்.

செபமும் சொன்னார், அதை மறைக்கத் தேவையில்லை. மூன்றாவது மணித்தியாலத்தில், ஒரு சொட்டும் வராமல் மெஷின் மட்டும் கருகின மணம் மணந்தபோது, அவர் மாதாவோடு ஒரு பேச்சு வைத்தார். "தாயே, இந்தத் தண்ணியை விடு. விட்டால் அந்த நிமிசமே நீக்கிலாசிட்டைச் சொல்லுறன், நான்தான் எண்டு."

பைப்புக்குள் ஒரு முனகல் கேட்டது. பிறகு யாரோ தொண்டையைச் செருமுவது போல். மேலே தொட்டியில் ஒரு துப்பல், இரண்டு துப்பல். லாசர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வளைவில் ஐஸ் ஏற்கெனவே கீறி வைத்திருந்த இடம் வாயைத் திறந்தது. தண்ணீர் நேராக அவருடைய முகத்தில் அடித்து, சுவரில் பட்டு, முகட்டைத் தொட்டது.

அவர் போட்ட சத்தத்தில் ஐந்தாம் மாடிக் கிழவி கதவைத் திறந்தார். பூனை ஓடியது. அந்த நேரம் பார்த்து நீக்கிலாஸ் இரண்டு வாளியோடு ஏறி வந்தான். அவன் கண்டது இதுதான்: முழங்காலில் லாசர் அண்ணை. பைப்பில் செபமாலை. வானத்துக்குப் பாய்கிற தண்ணீர்.

வாளி இரண்டும் கையை விட்டுப் போய், ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு கீழ் மாடி வரைக்கும் உருண்டன.

"அற்புதம்!" என்று கத்தினான் நீக்கிலாஸ். "மாதாவே, அற்புதம்!"

"டேய், வால்வு! கீழை ஓடு, மதாமிட்டைச் சொல்லி வால்வைப் பூட்டச் சொல்லு!"

பூட்டச் சொல்லு என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் இன்னொருவருக்குக் கட்டளை போட்டார். மதாம் நிலவறைக்குள் இறங்கி வால்வைத் திருப்பும்வரை கீறலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு மதாமின் மகனுடைய பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்து இருபது சுற்றுச் சுற்றி, கம்பியால் முறுக்கினார். வால்வைத் திறந்தபோது ஒரு சொட்டும் கசியவில்லை. மேலே நூல் விழுந்தது. பத்து நாளுக்குப் பிறகு வந்த புளொம்பியே அந்தக் கட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, இதைத் தொட்டால் கெட்டுவிடும் என்று அந்த மாதம் அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அன்று, நனைந்த சட்டையோடு, லாசர் மாதாவுக்குச் சொன்ன சொல்லை நிறைவேற்றத் திரும்பினார். "நீக்கிலாஸ், இஞ்சை வா. உன்னோடை ஒரு கதை கதைக்கோணும்."

நீக்கிலாஸ் வந்தான். வந்து அவருடைய ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "ஒண்டும் சொல்லாதேங்கோ அண்ணை. நான் விட்ட பிழையை நீங்கள் முழங்காலிலை நிண்டு தீர்த்துப்போட்டியள். சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."

சொல் தொண்டையில் ஐஸ் கட்டியது. அதற்கு மெஷின் பிடிக்க யாரும் இல்லை. அரை மணித்தியாலத்துக்குள் நீக்கிலாஸ் பலசரக்குக் கடையில் நின்று கதையைத் தொடங்கிவிட்டான். செபமாலை, மூன்றாவது மரியே, முகடு. அங்கிருந்து அது பியர்ஃபித்துக்குப் போனது.

திங்கட்கிழமை நிர்வாகி வந்தார். ஆறாம் மாடியில் பொங்கல் பொங்கியது, பொன்னம்பலம் அவருக்கும் ஒரு கோப்பையில் கொடுத்தார். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கையில் மதாம் பிந்தோ சொல்லவேண்டியதைச் சொன்னார். ஐந்தாம் மாடி அறை லாசருக்கு.

சாவியைக் கொடுக்கும்போது மதாம் தன்னுடைய அறைக் கதவைச் சாத்தினார்.

"மிசியே லாசர், அடுத்த குளிருக்குப் பூட்டாதீர்கள்."

சாவிக்கு நீட்டின கையை லாசர் பின்னுக்கு எடுத்தார்.

"மேலே தொட்டியில் விழுகிற தண்ணீர் என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரால்தான் போகிறது," என்றார் மதாம், சுவரைத் தட்டிக் காட்டி. "இரண்டு நாள் சளசள, சளசள. செவ்வாய் காலை ஐந்து மணிக்கு நின்றது. நின்ற உடனே உங்களுடைய காலடி இறங்கி வந்தது."

"அப்படியென்றால் ஏன்... ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் உங்களைத் துரத்துவார்கள். பிறகு பைப்பை யார் திருத்துவது? பத்து நாளா?" தோளைக் குலுக்கினார். "அதற்குப் பிறகு யோசித்தேன், இவர் வந்து சொல்கிறாரா பார்ப்போம் என்று. சொல்லவில்லை. மெஷின் கேட்டு வந்தீர்கள். அது பாதி சொன்ன மாதிரி. நான் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மற்றப் பாதி எனக்கு இல்லை. தண்ணீர் தூக்கினாரே, அவருக்கு."

அன்றிரவே சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தார். மனைவி வந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தார். மரியமலர் வந்தாள். ஐந்தாம் மாடியில் முதல் ஞாயிறு நீக்கிலாசைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, லாசர் இரண்டு தடவை இருமி, "நீக்கிலாஸ், அந்தப் பைப்..." என்று தொடங்கினார்.

"அதைத்தான் நான் அக்காவுக்குச் சொல்ல வந்தனான்!" என்று நீக்கிலாஸ் கதிரையை முன்னுக்கு இழுத்தான். "அக்கா, ரெண்டு மாடியையும் ஒரு கையாலை நிப்பாட்டினவன் உங்களுக்கு முன்னாலை இருக்கிறான். லா சப்பலிலை இப்ப எனக்குப் பேர் என்ன தெரியுமோ? பைப் நீக்கிலாஸ்! வேலைக்கு ஆள் எடுக்கிறவன்கூட, நீர்தானோ அந்தப் பைப் நீக்கிலாஸ் எண்டு கேட்டுத்தான் எடுத்தவன்."

அவன் படிப்படியாக நடித்துக் காட்டினான். அரிசி கழுவியது, பூட்டியது, முறுக்கியதுகூட. லாசர் முறுக்கின அதே முறுக்கு. மரியமலர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பு முடிந்து அவள் சட்டியை இறக்கப் போனபோது, அறைப் பைப் சொட்டுகிற சத்தம் கேட்டு ஒரு கையால் அதை இறுக்கிப் பூட்டினாள். லாசர் அதைப் பார்த்துவிட்டுக் கோப்பைக்குள் குனிந்தார்.

இரண்டு வருடம் போனது. நீக்கிலாஸ் கல்யாணம் கட்டிப் பியர்ஃபித்துக்குப் போனான். லாசரை எங்கே கண்டாலும், கார் து நோர் வாசலில் என்றாலும், சனத்துக்கு நடுவே கையைப் பிடித்து, பக்கத்தில் நிற்பவனிடம், "இவர்தான் அவர்," என்பான். மடுவுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவதா, வேறு ஏதாவது செய்து சரிக்கட்டலாமா என்று லாசர் யோசித்தார். மாதா கேட்டது மெழுகுதிரி அல்ல. உண்மையைச் சொல்கிறேன் என்று அவராகவே கொடுத்த வாக்கைத்தான்.

எண்பத்தேழு தையில் மறுபடி அதே குளிர். மதாம் பிந்தோ கடதாசி ஒட்டவில்லை. லாசரைக் கூப்பிட்டு மேலே கையைக் காட்டினார். அவர் ஆறாம் மாடிக்கு ஏறிப் பைப்பை நூலாகத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று அது ஓடுவதைக் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். கீழே தன்னுடைய அறைக்கு வந்தபோது போன் அடித்தது.

"அண்ணை, நான் நீக்கிலாஸ். இஞ்சையும் சரியான குளிர். என்ரை வீட்டுப் பைப்பை நூல் மாதிரி விடட்டோ?"

"ஓம், விடு. நல்லா விடு. விடியக் காலமை ஒருத்தரும் தொடாமல் பார்."

"ஓம் அண்ணை."

"நீக்கிலாஸ்..."

"சொல்லுங்கோ அண்ணை."

மேலே சுவருக்குள்ளால் சளசளவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. மரியமலர் சட்டி கழுவுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அண்டைக்கு, எண்பத்தைஞ்சிலை..."

"ஐயோ அண்ணை, இன்னொருக்காச் செய்வனோ? பட்டது காணும்!" என்று சிரித்தான் நீக்கிலாஸ். "சில்லறை முடியுது அண்ணை. வைக்கட்டே?"

"வை," என்றார் லாசர். "பூட்டிப்போடாதை."